முப்பது வெள்ளிக்காசும் ஒரு கல்லறைத் தோட்டமும்

பெரிய வியாழன் இரவுத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் தெருவைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "வருசா வருசம் மன்னிங்க, மன்னிங்கன்னு சொல்றாங்களே மாமா. நம்மகிட்ட இதுவரைக்கும் யாரும் வந்து மன்னிப்பே கேக்கலையே. அப்புறம் யாரை மன்னிக்கிறது?"

அன்றைய மறையுரை யூதாசைப் பற்றியது. தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தும் இயேசு யூதாசின் காலையும் கழுவினார். நாமும் பகையை மறந்து மன்னிக்க வேண்டும் என்று சாமியார் உருக்கமாகப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள். எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதை ஒன்றுதான். உள்ளே நுழைந்தால் ஊர்க்காரர்களுக்கு ஒரு பக்கம், எங்களுக்கு ஒரு பக்கம். என் பாட்டியை எங்கள் பக்கத்தில்தான் அடக்கம் செய்தோம். ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை, ஒரே உயிர்ப்பு என்று நம்புகிறவர்களுக்கு மண் மட்டும் இரண்டு.

அந்தப் பெண்ணுக்கு அன்றிரவு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

இரத்தப் பணத்தில் வாங்கிய நிலம்

யூதாசின் கதையை முத்தத்தோடு நிறுத்திவிடுவதே நம் வழக்கம். மத்தேயு அதற்கு மேலும் எழுதியிருக்கிறார். இயேசுவுக்குத் தண்டனை உறுதியானதும் யூதாஸ் மனம் வருந்துகிறான். வாங்கிய முப்பது வெள்ளிக்காசைத் தலைமைக் குருக்களிடம் திருப்பிக் கொண்டுபோகிறான். குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்துவிட்டதாக வாய்விட்டுச் சொல்கிறான். அது உன் பாடு, எங்களுக்கென்ன என்கிறார்கள் அவர்கள். காசைக் கோயிலுக்குள் எறிந்துவிட்டுப் போய்த் தூக்குப் போட்டுக்கொள்கிறான்.

அந்தக் காசு கொலைக்குக் கொடுத்த விலை, காணிக்கைப் பெட்டியில் போடக் கூடாது என்று குருக்களுக்குச் சட்டம் நினைவுக்கு வருகிறது. கூடிப் பேசுகிறார்கள். குயவன் நிலம் ஒன்றை வாங்கி, அந்நியர்களை அடக்கம் செய்யும் இடமாக்குகிறார்கள். இரத்த நிலம் என்று அதற்குப் பெயர் வருகிறது.

முப்பது வெள்ளிக்காசு என்பதும் சும்மா வந்த தொகை இல்லை. ஒருவனுடைய மாடு இன்னொருவனின் அடிமையை முட்டிக் கொன்றுவிட்டால், அடிமையின் எசமானுக்குக் கொடுக்க வேண்டிய ஈடு என்று யாத்திராகமத்தில் குறித்திருக்கும் தொகை அது. இயேசுவை விற்றது ஓர் அடிமையின் விலைக்கு. அடிமை விலை என்றால் என்னவென்று பண்ணையில் கிடந்த எங்கள் முன்னோருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இயேசுவைக் கொல்லத் துணைபோன அந்தக் குருக்கள்கூட, ஊர்பேர் தெரியாதவர்கள் படுக்க ஒரு நிலம் வாங்கிவிட்டார்கள். அந்த இயேசுவைக் கடவுளாக வணங்கும் எங்கள் பங்குகளில், பக்கத்துத் தெருக்காரனுக்குப் பொதுக் கல்லறையில் ஆறடி கொடுக்க முடியவில்லை.

தெரியாமல் நடந்ததா?

எதிரி செய்வது பகை. நம்பியவர் செய்வதுதான் துரோகம். ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிட்டவன் செய்ததால்தான் யூதாசின் செயல் இத்தனை நூற்றாண்டாகப் பேசப்படுகிறது.

1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும் பஞ்சத்தையொட்டிய காலத்தில், தமிழகத்தின் பல சேரிகள் கூட்டம் கூட்டமாகத் திருச்சபைகளுக்கு வந்தன. கஞ்சிக்காக வந்தார்கள் என்று இன்றும் ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. பசித்தவன் கஞ்சிக்கு வந்ததில் வெட்கம் என்ன? ஆனால் கஞ்சி தீர்ந்த பிறகும் அவர்கள் போகவில்லை. கடவுளுக்கு முன் எல்லாரும் பிள்ளைகள் என்ற சொல்லை நம்பி இருந்துவிட்டார்கள். அதனால் கிடைத்தவையும் பொய்யில்லை. எங்கள் வீட்டில் முதல் கையெழுத்துப் போட்டவர் மிஷன் பள்ளியில்தான் படித்தார். அந்த நன்றி எங்களுக்கு உண்டு. அந்த நன்றி இருப்பதால்தான் இந்த வலியும்.

சபைக்குள் சாதி இருந்தது மேலே இருந்தவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டை உடனடியாக, முற்றாகக் கைவிட வேண்டும் என்று 1833-லேயே தென்னிந்திய சபைகளுக்குச் சுற்றுக்கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சாதிக் கிறித்தவர்கள் பலர், சாதியை விடுவதற்குப் பதில் சபையை விட்டே வெளியேறினார்கள். கத்தோலிக்கத் தரப்பில், திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த கோயிலின் அமைப்பே சாட்சி. இரண்டு சாதிகள் ஒன்றையொன்று பார்க்காமல் ஒரே பீடத்தை மட்டும் பார்க்கும்படி, கால்சட்டையின் இரண்டு கால்கள்போல இரண்டு தனிக் கூடங்களாக அதைக் கட்டினார்கள். வெள்ளாளருக்கும் நாடாருக்கும் நடுவில் நின்ற சுவர் அது. அவர்களுக்குள்ளேயே அப்படியென்றால் எங்கள் இடம் எங்கே இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பழைய கதை என்று இதைத் தள்ளவும் முடியாது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தைச் சாதி பார்த்துப் பிரித்த சுவரை எதிர்த்து நடந்த போராட்டங்கள் நாடறிந்தவை. அன்றைய விழுப்புரம் மாவட்டம் இறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி, 2008 மார்ச்சில் கிறித்தவர்களுக்கும் கிறித்தவர்களுக்கும் மோதல் நடந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. இறந்த இருவரும் ஆதிக்க சாதித் தரப்பினர். சாதி தன்னைச் சுமப்பவனையும் காவு வாங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்தின் தலித் கிறித்தவர்கள், தங்கள் பங்கில் தாங்கள் ஒதுக்கப்படுவதாக உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்.

வெளியே ஒரு பேச்சு, உள்ளே ஒரு பேச்சு

இயேசுவைப் பிடித்துப்போன இரவில் பேதுரு மூன்று முறை அவரை அறியேன் என்றார். யூதாஸ் காட்டிக்கொடுத்தான், பேதுரு மறுதலித்தார். எங்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இரண்டாவது வகை. அந்த மறுதலிப்புக்குச் சட்டத்திலும் ஒரு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ரிசர்வ் தொகுதியில் நிற்க முடியாது. சாதிப் பெயர் சொல்லி அடித்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைக்காது. அடிப்பவன் ஞானஸ்நானச் சான்றிதழ் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவரின் வழக்கை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். பட்டியல் சாதிச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் அதே தொழில் செய்த சூசைக்கு, கிறித்தவர் என்பதால் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 1985-ல் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதி இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்பது முக்கியக் காரணம்.

ஆதாரம்! தமிழ்நாட்டின் எத்தனையோ கல்லறைத் தோட்டங்களில் செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறதே, அது ஆதாரம் இல்லையா? சிக்கல் எங்கே என்றால், திருச்சபையின் பேச்சு இரண்டாக இருப்பதில். டில்லியில் பேசும்போது தலித் கிறித்தவர்கள் சாதிக் கொடுமையை அனுபவிக்கிறார்கள், பட்டியலில் சேருங்கள் என்கிறார்கள். அந்தக் குரல் உண்மையானது, வேண்டியதும்கூட. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்ததிலும், 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் அதே ஆட்கள் ஊரில் வந்து, நம் பங்கில் அப்படியெல்லாம் எதுவும் இல்லை, பிரச்சினை பண்ணாதீர்கள் என்கிறார்கள். உள்ளே மறைக்கும் காயத்தை வெளியே எப்படி நிரூபிப்பது?

ஏழெழுபது முறைக்கு முன்னால்

இப்போது மன்னிப்புக்கு வருவோம். எங்களிடம் அடிக்கடி சொல்லப்படும் வசனம், சகோதரனை ஏழெழுபது முறை மன்னிக்க வேண்டும் என்பது. மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதே அதிகாரத்தில் அதற்குச் சற்று மேலே வேறொன்றும் இருக்கிறது. சகோதரன் உனக்கு எதிராகப் பாவம் செய்தால், முதலில் தனியாகப் போய் அவனிடம் குற்றத்தைச் சொல். கேட்கவில்லையா, ஒன்றிரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிப் போ. அப்போதும் கேட்கவில்லையா, சபையில் சொல். அதாவது புகார் சொல்லும் முறையை ஒழுங்காக வகுத்துக் கொடுத்த பிறகுதான் மன்னிப்பின் கணக்கு வருகிறது. மறையுரைகள் முதல் பகுதியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. முதல் படியில் கால் வைத்தாலே, பிரிவினை உண்டாக்குகிறவர்கள் என்று எங்களுக்குப் பெயர் வந்துவிடுகிறது.

அடுத்து வரும் உவமையும் அப்படித்தான். கணக்கில் அடங்காத கடனை அரசனிடம் அழுது கெஞ்சித் தள்ளுபடி வாங்கிக்கொண்ட ஊழியன் ஒருவன், வெளியே வந்ததும் தனக்குச் சிறு தொகை தர வேண்டியவன் கழுத்தைப் பிடிக்கிறான். மன்னிக்காத நாங்கள்தான் அந்த ஊழியன் என்று எங்களுக்கு விளக்கம் சொல்கிறார்கள். நானோ வேறு மாதிரி வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடவுளிடம் பெரிய மன்னிப்பை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை எங்கள் தெருவுக்குள் சப்பரம் வரக் கூடாது என்று நிற்பவர் யார்?

சிலுவையில் தொங்கியபோது இயேசு, யாரும் கேட்காமலே தம்மைக் கொன்றவர்களை மன்னிக்கும்படி தந்தையிடம் வேண்டவில்லையா என்று கேட்பார்கள். வேண்டினார். அது அவராகக் கொடுத்தது. அவருடைய வாயிலிருந்து வந்தது. ஆணி அடித்த படைவீரன் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே, நீ எங்களை மன்னிக்க வேண்டும் என்று அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. சுவரை நிற்க விட்டுவிட்டு எங்களை மன்னிக்கச் சொல்வது அந்தப் பிரசங்கம்தான்.

கத்தோலிக்க மரபில் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு ஒழுங்கு உண்டு. எங்கள் பாட்டிமார் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். மனம் வருந்த வேண்டும், வாயால் அறிக்கையிட வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். திருடியவன் திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஞானோபதேசத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். சக்கேயுவைப் பாருங்கள். அநியாய வரி வாங்கிச் சம்பாதித்த அந்தக் குள்ள மனிதர் இயேசுவிடம் கண்ணீர் விட்டதாக லூக்கா எழுதவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பி என்று கணக்குச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு அறிவித்தார். காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்பதும் அவர் சொன்னதே. எழுந்து போக வேண்டியவர் குற்றம் செய்தவர். எங்கள் ஊர்களில் இன்னும் யாரும் எழுந்து வரவில்லை.

பேதுருவின் இரண்டாவது மறுதலிப்பு

பேதுரு மூன்று முறை மறுதலித்தது எல்லாருக்கும் தெரியும். உயிர்த்த இயேசு கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டுக் கொடுத்து, நீ என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டார். அவர் மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் அருகில்தான். பழையதைத் தோண்டாதே என்று இயேசு விட்டுவிடவில்லை. எத்தனை முறை மறுத்தாரோ அத்தனை முறை கேட்டார். மூன்றாம் முறை பேதுருவுக்கு மனம் நொந்தது. அந்த நோவு மன்னிப்பின் ஒரு பகுதி. பிறகு, தம் ஆடுகளை மேய்க்கும் வேலையையும் கொடுத்தார்.

அதே பேதுரு பின்னாளில் செய்த இன்னொரு காரியம் பலருக்குத் தெரியாது. அந்தியோக்கியா நகரில் யூதரல்லாத கிறித்தவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபு தரப்பினர் சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். பவுல் சும்மா இருக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் பேதுருவை முகத்துக்கு நேராகக் கண்டித்ததாகக் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். நற்செய்தியின் உண்மைக்கு ஏற்ப அவர் நடக்கவில்லை என்பது குற்றச்சாட்டு.

பந்தி பிரித்தது! நம் ஊரில் தினம் நடப்பதுதான். சொந்தக்காரர்கள் வந்தால் எங்களோடு பேசாமல் நகர்ந்துகொள்ளும் நண்பர்களை நமக்குத் தெரியும். ஊர் பெரிய மனிதர்களுக்குப் பயந்து தேர்ப்பாதையை மாற்றாமல் விட்டுவிடும் நல்ல மனத்துச் சாமியார்களையும் தெரியும். அவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை. பேதுரு மாதிரிப் பயந்தவர்கள். அந்தப் பயத்தையும் பவுல் நற்செய்திக்கு எதிரான குற்றம் என்றே பார்த்தார். முதல் தலைவரையே சபை நடுவில் கண்டிப்பது விசுவாசக் குறைவு ஆகாது என்பதற்கும் இதுவே சான்று.

சொல் வந்தாயிற்று

திருச்சபை வாயே திறக்கவில்லை என்றால் அது நியாயமாகாது. சாதி வேறுபாட்டின் சாயலைக்கூடச் சகிக்கக் கூடாது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடமே கூறினார். திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டு இந்திய ஆயர் பேரவை 2016-ல் தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டது. ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா 2022-ல் கர்தினால் ஆனார்; அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் தலித் அவர். ஒப்புரவின் முதல் இரண்டு படிகளான வருத்தமும் அறிக்கையும் ஓரளவுக்கு வந்துவிட்டன. பரிகாரம்தான் பாக்கி.

அது என்ன என்று கேட்டால் பட்டியல் நீளமானதில்லை. ஒரு பங்குக்கு ஒரே கல்லறைத் தோட்டம், இறந்த வரிசைப்படி குழி. எல்லாத் தெருவுக்கும் தேர். எல்லார் வீட்டிலும் திருவிழா வரி. மறைமாவட்டப் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை வேலைகளில் தலித் கிறித்தவர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் வெளிப்படையான கணக்கு. மறுக்கும் ஊரில் கோயிலைப் பூட்டக்கூடத் துணியும் ஆயர். முடியாது என்பவர்கள் வடக்கன்குளத்தை நினைத்துக்கொள்ளட்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் சாதிக்குத் தனி இடம் கிடைக்கவில்லை. இடிப்பவர் துணிந்தால் சட்டமும் துணை நிற்கும்.

எங்களுக்குள்ளும் ஒரு சுவர் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இதை முடித்தால் நானும் மறுதலித்தவனாவேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அருந்ததியர் வீடுகள் இருக்கின்றன. அவர்கள் வீட்டில் எத்தனை பேர் கை நனைத்திருக்கிறோம்? ஊர்க்காரரிடம் கேட்கும் கேள்வியை அவர்கள் எங்களிடம் கேட்டால், நாங்களும் எழுந்து போகக் கடமைப்பட்டவர்கள்.

என் பாட்டி ஊர்க்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவங்க பாவம் அவங்களோட, எனக்கெதுக்கு அந்தச் சுமை" என்பாள். அவள் மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். வெறுப்பைச் சுமந்து அலைய அவளுக்கு நேரமும் இல்லை. ஆனால் அவள் கொடுத்த மன்னிப்பால் சுவர் நியாயமாகிவிடவில்லை. மன்னிப்பது எங்கள் விருப்பம். சுவரை எடுப்பது அவர்கள் கடன். எங்கள் விருப்பத்தைக் காட்டி அவர்கள் கடனைத் தள்ளுபடி செய்ய யாருக்கும் அதிகாரம் கிடையாது.

அந்த மாணவி மத்தேயு சொன்ன வரிசையிலேயே போகலாம் என்கிறாள். தனியாகப் போய்ச் சொல்லியாயிற்று. இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போயும் சொல்லியாயிற்று. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில், பொதுக் கல்லறைத் தோட்டம் கேட்டு மனுக் கொடுக்கப் போகிறாள். சபையில் சொல்வது என்பது அதுதானே. மனுவை அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள். அவள் பெயருக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.